தண்ணீருக்கும் வந்த நோய்

எங்கள் சின்ன மாப்பிள்ளைக்கு எதையும் ஒருமுறை பார்த்தால் போதாது. சூப்பில் உப்பு சரியா என்று என் மகள் கேட்டால், பாத்திரத்தின் மேலே, நடுவே, அடியிலே என்று மூன்று கரண்டி எடுத்துக் குடித்து, சராசரி போட்டுத்தான் பதில் சொல்வார். பதில் வருவதற்குள் சூப் தீர்ந்துவிடும்.

அவர் வேலை அப்படி. ஆய்வகத்தில் ரத்தத்திலிருந்து புரதங்களைப் பிரித்து, ஜெல் என்கிற வழவழத்த தகட்டில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஒவ்வொரு புரதமும் ஓடிப்போய் தனக்கென்று ஓரிடத்தில் உட்காரும். சாயம் போட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். எந்தப் புள்ளி எவ்வளவு கறுப்பு என்று கணினியில் எண்ணாக்கி, நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்று சொல்வது மாப்பிள்ளை.

ஒருநாள் நோயாளிகளின் ஜெல்லில் மட்டும் ஒரு புள்ளி, அட்டக்கரியாக. ஆய்வகத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை.

"தம்பி, நோய் கையும் களவுமா மாட்டிக்கிச்சு. வெள்ளிக்கிழமை அறிவிக்கிறேன். கணக்கு சரின்னு சொல்லுங்க, அன்னைக்கே உங்க வேலைய நிரந்தரமாக்கிடறேன்."

கணக்கு சரியாகத்தான் வந்தது. மாப்பிள்ளை ஜெல் போட்டவர்களின் பட்டியலையும் புரட்டிப் பார்த்தார். நோயாளிகளின் ஜெல் எல்லாம் தலைவர் தன் கையால் போட்டவை. மற்றதெல்லாம் உதவியாளர் போட்டவை. புள்ளி நோயால் வந்ததா, ஆளால் வந்ததா? எந்தக் கணக்கும் பிரித்துச் சொல்லாது. தலைவரோ யோசிக்கும்போதெல்லாம் தலையைச் சொறிகிறவர். சொறிந்தால் அந்த அறையில் பனிக்காலம். பக்கத்து மேசைக்காரர் சளிபிடித்து விடுப்பு எடுத்ததாகக்கூடக் கேள்வி. பொடுகிலும் இருப்பது புரதம்தானே.

வீட்டுக்கு வந்து என் மகளிடம் புலம்பினார். "உங்க பொடுகுதான் சார் கண்டுபிடிப்புன்னு எப்படிம்மா சொல்றது? வேலை போயிடும்."

"நீங்க ஏன் சொல்றீங்க? அவர் ஜெல்லே சொல்லட்டும்" என்றாள் மகள்.

மறுநாள் மாப்பிள்ளை ரத்தமே கலக்காத வெறும் தண்ணீரை, இன்னதென்று சொல்லாமல் கொடுத்து, தலைவரை மூன்று ஜெல் போடச் சொன்னார். உதவியாளரையும் அப்படியே. உதவியாளருடையது துடைத்த பலகை மாதிரி இருந்தது. தலைவருடைய மூன்றிலும் அதே அட்டக்கரிப் புள்ளி.

"பார்த்தீங்களா, முத்தின நோய். யாரு இது, பாவம்?"

"தண்ணி, சார்."

தலைவர் யோசித்தார். யோசிக்கக் கை தலைக்குப் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது. மெதுவாகக் காதுவரை சிவந்தார்.

மாப்பிள்ளை மேசையைக் காலிசெய்யத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை அறிவிப்பு எதுவும் இல்லை. நீச்சல்காரர்களின் ரப்பர் தொப்பியைப் புருவம்வரை இழுத்து மாட்டிக்கொண்டு தலைவர் வந்தார். நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"என் தலையைப் பத்தி இவ்வளவு தெரிஞ்ச ஆளை வெளியில விட முடியுமா, தம்பி?"

ஆணையைப் பார்த்த மகள், "இப்ப சந்தோஷமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணை மட்டும் வெச்சு எப்படிம்மா சொல்றது" என்றார் மாப்பிள்ளை. "இன்னும் ரெண்டு வரட்டும்."