எழுந்து நடந்த குற்றம்

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் புரோட்டாவுக்கு மாவு பிசைவேன். சீசன் முடிந்தால் கிடைத்த வேலை. அப்படித்தான் தென்காசிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்குச் சிலம்பம் சொல்லித்தரப் போனேன். பிள்ளைகளுக்குக் கோபத்தை அடக்கக் கற்றுக்கொடுங்கள் என்று தலைமையாசிரியர்தான் கூப்பிட்டார்.

கோபத்தில் இருப்பவர் கையில் நான் கம்பு கொடுப்பதில்லை. முதலில் வெறுங்கையோடு காலடி வரிசை நடக்க வேண்டும். முன்னே இரண்டு, பின்னே ஒன்று, மூச்சும் காலும் சேரும்வரை.

எட்டாம் வகுப்பில் வடகரை ஊர்ப் பிள்ளை ஒருத்தி. அப்பா சவூதியில். அவரைப் பற்றி யாராவது பேசினால் மூக்கில் குத்திவிடுவாள். இன்னொரு புகார் வந்தால் டி.சி. என்று அவள் அம்மாவிடம் எழுதி வாங்கியிருந்தார்கள்.

"ஏட்டி, கை துறுதுறுன்னு வந்தா எந்திரிச்சுப் போயி நட. யாரையும் பாக்காத" என்றேன்.

இரண்டு மாதம் புகாரே இல்லை. அவள் கையிலும் கம்பு கொடுத்தேன்.

ஒருநாள் கணக்கு வகுப்பில் பின்பெஞ்சுக்காரன், "உங்க அப்பா அங்கன ஒட்டகந்தான மேய்க்காரு? ஒண்ணு பார்சல் அனுப்பச் சொல்லேன்" என்றானாம். வகுப்பே சிரித்தது. அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய்க் காலடி நடந்தாள். வாத்தியார் கூப்பிட்டும் திரும்பவில்லை. மூச்சு அடங்கியதும் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அதற்கு டி.சி.

தலைமையாசிரியர் அறையில் கத்தினேன். "அடிக்காம இருக்கத்தான சார் நடந்தா?"

"அனுமதியில்லாம வகுப்ப விட்டுப் போனது ஒழுங்கீனம்."

"அடிச்சிருந்தா?"

"அதுக்கும் டி.சி.தான். பேசாம உக்காந்திருக்கணும். எட்டாங்கிளாஸ் தாண்டாத ஆளு, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டேரோ?"

என் படிப்பைச் சொன்னது உறைக்கவில்லை. கடையில் அதைவிட மோசமாகக் கேட்டவன் நான். ஒட்டகம் சொன்னவனை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதுதான் பொறுக்கவில்லை. என் தப்பும் உண்டு. பிள்ளைக்குச் சொன்னதை வாத்தியார்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. அன்றே வேலையை விட்டேன்.

மே மாதம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பள்ளியின் அட்மிஷன் பேனர். 'சிலம்பத்தால் மன அமைதி.' படத்தில் முதல் ஆளாகக் கம்போடு அவள்தான்.

அங்கேயே அவளையும் பார்த்தேன். செங்கோட்டையில் வேறு பள்ளியில் சேர்ந்திருந்தாள். பேனரை அண்ணாந்து பார்த்தவளின் விரல்கள் மடங்கின.

"கிழிச்சிருவமா மாஸ்டர்?"

நான் பதில் சொல்வதற்குள் பையைக் கீழே வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். முன்னே இரண்டு, பின்னே ஒன்று. பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இங்கே அவளை உட்காரச் சொல்ல யாருமில்லை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.