சிவப்பு நூல் போட்ட சாக்கு

புள்ளைங்களா, நம்ம வூட்டுப் புளிச் சாக்குல ஏன் சிவப்பு நூல் தைச்சிருக்குன்னு கேட்டீங்க. அது உங்க அப்பா நான் செஞ்ச தப்போட அடையாளம். எழுதி வைக்கிறேன், படிங்க.

நம்ம மலைச் சாமை கீழே மில்லுக்குப் போய், அங்கிருந்து கப்பல் ஏறுது. முன்னெல்லாம் ஒவ்வொரு லோடுக்கும் புது பிளாஸ்டிக் சாக்கு. மில்லுல கொட்டினதும் குப்பை. அப்புறம் மில்லுக்காரங்க கெட்டியான துணிச் சாக்கு கொடுத்து, "வண்டியிலேயே திருப்பி அனுப்புறோம், திரும்பத் திரும்ப இதுலயே போடுங்க"ன்னாங்க. நம்ம ஊர் விவசாயிங்க சங்கத்துல சாக்குக்குப் பொறுப்பு நான். "நடக்கும்"னு அடிச்சுச் சொன்னேன்.

புளி அடிக்கிற காலத்துல சாக்கெல்லாம் சும்மா கெடந்துச்சு. ரெண்டை எடுத்து, உப்பு போட்டு மிதிச்ச புளியைக் கட்டி வச்சேன். வித்த பிறகு ஓடையில அலசி, காய வச்சு, மத்ததோட சேர்த்துட்டேன்.

சாமை அறுத்து அனுப்பினது மழை நாள்ல. டிரைவர் திரும்பி வந்து இறங்கும்போதே ஆரம்பிச்சான்.

"இன்னாண்ணே, சாமை கேட்டா புளியோதரை கிளறி அனுப்புறீங்க? ரெண்டு மூட்டை கட்டி கட்டியா கெடக்குது. மொத்த லோடையும் நிறுத்திட்டாங்க. பழையபடி பிளாஸ்டிக்கே போதும்னு பேசிக்கிறாங்க."

துணிக்குள்ள நின்ன உப்பு ஈரத்தை இழுத்திருக்கு. ஊர்ச் சாமை மொத்தமும் என்னால நிக்குது.

சங்கத்துல எழுந்து, "ரெண்டும் நான் புளி கட்டின சாக்கு"ன்னேன். முன்னாடி உக்காந்திருந்த அக்கா ஒருத்தவங்க விடல. "கொழம்புல உப்பு ஒரு கல்லு கூடினாலும் கண்டுபிடிப்பியே, சாக்குல தெரியலியா?"

எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வழி அந்தப் பேச்சுலதான் கெடைச்சுது. அங்கேயே மில்லுக்குப் போன் போட்டேன்.

"சாக்கு மேல குத்தமில்லீங்க, என் மேலதான். அந்த ரெண்டு மூட்டையைத் திருப்பி அனுப்புங்க. புளி பட்ட சாக்கு இனிமே சிவப்பு நூலோட வூட்டுலயே நிக்கும். மத்த ஒவ்வொண்ணையும் நானே ருசி பார்த்து அனுப்புறேன்."

"ருசியா?" மில்லு மேஸ்திரி சிரிச்சுட்டாரு. "சரி, மிச்சத்தை எடுத்துக்கிறோம். அடுத்த லோடுல பார்ப்போம்."

அதே துணிச் சாக்குங்க ஒட்டு மேல ஒட்டு போட்டு இன்னைக்கும் போய்ட்டு வருது. நீங்களே பார்க்கிறீங்க.

அன்னைக்கு எல்லாரும் கலைஞ்ச பிறகு சங்கத்துச் சாக்கு அடுக்கி வைக்கிற கொட்டாய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். மிச்சமிருந்த சாக்கை ஒவ்வொண்ணா எடுத்து, மூலையை ஈரமாக்கி, நாக்குல வச்சுப் பார்த்தேன். கடைசிச் சாக்கு வரைக்கும்.