ஆளில்லாமல் வந்த பை

விமான நிலையத்தில் எல்லோரும் அவளைப் பொறுமைக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி வந்து சேராதவர்கள் போய்க் கத்துகிற கவுண்டர் அவளுடையது. நேர்காணலுக்குப் போட வேண்டிய சட்டை அதில்தான் இருந்தது என்று ஒருவர் மேஜையைத் தட்டுவார். இறந்துபோன அப்பாவின் கண்ணாடி அதில் இருந்தது என்று ஒருத்தி அழுவாள். யாரோ எங்கோ செய்த தவறுக்கு அவள் வாங்காத திட்டு இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "உட்காருங்க சார். பெட்டி என்ன நிறம்?" என்பாள்.

அந்தப் பொறுமை பிறவியில் வந்ததல்ல. வாழ்க்கை அடித்து அடித்து உட்கார வைத்த பொறுமை. ஒரே மகள் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். சர்க்கரை நோய், ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, "எங்க பக்கத்துல யாருக்கும் இது கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கணவன் வெளியேறினான். அந்தப் பாவியின் சட்டையைப் பிடித்து அன்றைக்கே உலுக்கியிருக்க வேண்டும். அவள் உலுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, அழுகிற குழந்தையின் தொடையில் ஊசியைப் போட்டாள். குழந்தை தூங்கிய பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாதல்லவா?

அந்தக் குழந்தை வளர்ந்து, மலைகளுக்கு அப்பால் ஒரு கடலோர நகரத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த நகரத்தைத்தான் நிலநடுக்கம் புரட்டிப் போட்டது.

சாலை பிளந்துவிட்டது. பாலம் விழுந்துவிட்டது. படகுத்துறை கடலோடு போய்விட்டது. மருத்துவமனையும் மருந்துக்கடைகளும் மண்ணோடு மண். வெளியேற ஆகாயம் ஒன்றுதான் வழி. அங்கேயும் ஓடுபாதையில் பாதிதான் மிச்சம் என்பதால், சின்ன விமானம் ஒன்று மட்டும் பகல் வெளிச்சத்தில் போய் வந்துகொண்டிருந்தது. வெட்டவெளியில் ஊரே காத்துக் கிடந்தது. பேசவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் தவித்த தாய்க்கு ஒருவழியாக மகளிடமிருந்து செய்தி வந்தது. காலை விமானத்தில் இடம் கிடைத்துவிட்டதாம்.

விமானம் தரையிறங்கியபோது பொறுமைக்கா பெட்டிகள் வரும் பெல்ட்டின் அருகில் நின்றிருந்தாள். பயணிகளை டாக்டர்கள் வேறொரு அறையில் பார்த்துக்கொண்டிருந்ததால், ஆட்களுக்கு முன்னால் பெட்டிகள் வந்தன. மண் அப்பிய பெட்டிகள். சாக்கில் கட்டிய மூட்டைகள். அவற்றின் நடுவே ஒரு சிவப்புத் தோள்பை அசைந்து அசைந்து வந்தது. வார் அறுந்த இடத்தில் அவளே கறுப்பு நூலால் தைத்த தையல். உள்ளே, ஊசியும் மருந்தும் வைக்கும் குளிர்ப்பை.

எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஏறாதவரின் பெட்டி விமானத்தில் போகக் கூடாது. ஒருவரை இறக்கினால், அடிவயிற்றைத் திறந்து அவருடைய பெட்டியையும் இறக்கிய பிறகுதான் விமானம் கிளம்ப வேண்டும். இந்தத் தொழிலின் முதல் பாடமே அது. பை வந்துவிட்டது. அப்படியானால் மகளும் வந்துவிட்டாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஓர் இளைஞன் முண்டியடித்துக்கொண்டிருந்தான். "அக்கா, நீலப் பெட்டி. வெள்ளைக் கயிறு கட்டியிருக்கும். என் மனைவியும் கைக்குழந்தையும் வராங்க. வந்திருக்கா பாருங்க."

திரும்பிப் பார்த்தாள். இருந்தது. "வந்திருக்கு தம்பி. பெட்டி வந்துட்டா ஆளும் வந்தாச்சுன்னு அர்த்தம். முகத்தைத் துடைச்சுக்கிட்டு நில்லுங்க. அழுத முகத்தோடயா குழந்தையை வாங்குவீங்க?"

அவன் சிரித்தான். சிரிக்கும்போதே அழுதான். பெற்றவளுக்குத் தெரியாதா, அந்தச் சிரிப்பின் எடை.

பயணிகள் வந்தார்கள். கட்டுப் போட்ட தலைகள், வெறுங்கால்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வரிசை தீர்ந்தது. கதவு தானாக மூடிக்கொண்டது. மகள் வரவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் வரவில்லை.

"ஏம்மா, எங்க பெட்டி எங்க?" கவுண்டரில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். சலவை கலையாத சட்டை. பக்கத்தில் மனைவி, பின்னால் அவர்கள் குடும்பம். "ஒண்ணுகூட வரல. என்ன நிர்வாகம் நடத்துறீங்க?"

பழக்கதோஷம். வாய் தானாகவே கேட்டது. "பெட்டி என்ன நிறம் சார்?"

"எல்லாமே பச்சை. நாங்க யாருன்னு தெரியுமில்ல? உங்க நிலைய மேலாளருக்குச் சம்பந்தி."

"பெட்டியை உள்ள ஏத்துனாங்களா?"

"எங்க ஏத்துனாங்க? நாங்க போறப்பவே விமானம் நிறைஞ்சு கதவைச் சாத்திட்டாங்க. சம்பந்தி போன் போட்டப்புறம்தான் திறந்தாங்க. பெட்டி அடுத்த தடவை வரும்னு சொன்னாங்க."

"நிறைஞ்ச விமானத்துல உங்களுக்கு எப்படி இடம் வந்துச்சு?"

அவர் மனைவி முந்திக்கொண்டாள். "யாரோ சில பேரை இறக்கினாங்க. அதுல ஒரு பொண்ணு பண்ணின ரகளை இருக்கே. கைப்பையை எல்லாம் உள்ள இடமில்லைன்னு வாசல்லயே வாங்கி விமானத்தோட அடியில போட்டுட்டாங்க இல்ல, அதைக் குடுங்கன்னு ஒரே கத்தல். நேரமாகுது, அடியில தேட முடியாதுன்னு இழுத்துட்டுப் போனாங்க. ஒரு பைக்குப் போயா இப்படின்னு இருந்துச்சு எனக்கு."

பொறுமைக்கா அணைத்திருந்த பையை மேஜைமேல் வைத்தாள்.

"இந்தப் பைதான். உள்ள துணிமணி இல்லம்மா. இன்சுலின். இது இல்லாம அவ நாளைக்கு எழுந்திருக்க மாட்டா. அது என் பொண்ணு."

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "எங்களுக்கு எப்படித் தெரியும்? இடம் இருக்குன்னாங்க, உட்கார்ந்தோம்."

"உட்கார்ந்தப்ப சீட்டு சூடா இருந்திருக்குமே சார். அதுகூடவா தெரியல?"

அவள் குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த முகத்தை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

மேலாளரின் அறைக் கதவை அவள் தட்டவில்லை. தள்ளினாள். இன்றைய கடைசி நடை கிளம்பப் போகிறது, இந்தப் பை அதில் போக வேண்டும் என்றாள். மேலாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டார்.

"உங்களுக்குத் தெரியாததா? ஆளில்லாம பையை ஏத்த முடியாது. விதி."

"காலையில அந்த விதி எங்க போச்சு? உங்க சம்பந்தி வீட்டுக்குச் சேவகம் பண்ணப் போயிருந்துச்சா?"

"மரியாதையா பேசுங்க. அவசர காலத்துல சில முடிவு எடுக்க வேண்டியிருக்கும்."

"யாரைச் சாகவிடலாம்கிற முடிவா சார்?"

மேலாளர் எழுந்து தண்ணீர் ஊற்றினார். தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "உட்காருங்க. தண்ணி குடிங்க." ஆயிரம் பேரிடம் அவள் சொன்ன வார்த்தை. அதைக் கேட்கிற பக்கத்தில் நின்றால் எப்படி எரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தம்ளரை அவள் தொடவில்லை.

"சரி, பணிப்பெண்கிட்ட சொல்லிக் குடுத்துவிடறேன்" என்று இறங்கி வந்தார்.

"அந்தக் கூட்டத்துல மயங்கிக் கிடக்கிற ஒருத்தியை யாரு தேடுவாங்க? பெத்தவ தேடணும். ஆளோடதான் பை போகணும்னா, நான்தான் ஆள். என்னை ஏத்துங்க."

"ஏத்திடலாம். காலியாத்தான் போகுது. ஆனா திரும்பி வர உங்களுக்கு இடம் கிடையாது. அங்க நிக்கிறவங்களை விட்டுட்டு ஊழியரைக் கூட்டிட்டு வந்தா என் வேலை போயிடும்."

"திரும்பி வர்றதைப் பத்தி உங்களை யாரு கேட்டா?"

இறக்கப்பட்டவர்களின் பெட்டிகளை எல்லாம் வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தபோது, கண்ணாடிக் கதவருகே அந்த இளைஞன் வழி மறித்தான். யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்.

"வந்தாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. குழந்தையோட பால்மாவு முழுக்க அந்த நீலப் பெட்டியிலதான் இருக்கு."

"ஆமா, நான்தான் சொன்னேன். கூட்டிட்டு வரேன்னு இன்னொரு தடவை சொல்ல மாட்டேன் தம்பி. பால்மாவை உங்க மனைவி கையில குடுத்துடுவேன். அதை மட்டும் நம்புங்க."

சம்பந்தியம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். "அங்கதானே போறீங்க? அப்படியே எங்க பச்சைப் பெட்டிங்களையும் பார்த்து எடுத்துட்டு வந்துடுங்களேன்."

"விமானம் காலியாத்தான் போகுது. வாங்க, நீங்களே வந்து எடுத்துக்கோங்க."

அந்த அம்மாள் தன் வளையல்களைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

வெயில் சாயும் நேரத்தில் விமானம் அந்த உடைந்த ஊரில் இறங்கியது. கூரை விழுந்த கட்டடத்துக்கு வெளியே, தார்ப்பாய் நிழலில் ஜனங்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். முதலில் எதிர்ப்பட்டது கைக்குழந்தைக்காரிதான். நீலப் பெட்டியை வாங்கிக்கொண்டவள், பொறுமைக்காவின் தோளில் தொங்கிய சிவப்புப் பையைப் பார்த்ததும் சுவர்ப் பக்கமாக விரலை நீட்டிக் காட்டினாள்.

மகள் சுவர் ஓரமாகச் சுருண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. மூச்சு வேகவேகமாக வாங்கியது. அதில் அழுகிய பழ வாடை அடித்தது, இன்சுலின் கிடைக்காத உடம்பின் வாடை. எத்தனை வருடமாக அந்த வாடைக்குப் பயந்து பாதித் தூக்கம் தூங்கியவள் பொறுமைக்கா. மருந்தை ஏற்றினாள். ஊசியைப் போட்டாள். தலையை மடியில் தூக்கி வைத்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள்.

"பையைக் கேட்டேம்மா. குடுக்கவே மாட்டேன்னுட்டாங்க."

"தெரியும்டா. பேசாத."

சற்று நேரத்தில் கண் திறந்து, தாயின் சீருடையைப் பார்த்தாள். "நீ ஏன் வந்த? எப்படித் திரும்புவ?"

"நீ போய் ஆஸ்பத்திரியில படு. நான் அடுத்ததுல வரேன்."

"நீ வராம நான் ஏற மாட்டேன்."

"ஏறலைன்னா அறைஞ்சு தூக்கிட்டுப் போய் வெச்சுட்டு வருவேன்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. மகள் தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெற்றவள் அழவில்லை. இப்போது அழுதால் கோபம் கரைந்துவிடும். அவளுக்கு அந்தக் கோபம் தேவைப்பட்டது.

மகளை ஏற்றினார்கள். கைக்குழந்தைக்காரி ஏறினாள். காலையில் இறக்கப்பட்ட மற்றவர்களைப் பொறுமைக்காவே கூப்பிட்டு, ஒவ்வொருவராக முன்னால் தள்ளி ஏற்றினாள். படிக்கட்டின் அடியில் காதில் போனோடு ஒரு விமான நிறுவன ஊழியன் நின்றிருந்தான். அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"காலையில இவங்களை இறக்கினது நீதானா?"

அவன் கண்ணைத் தாழ்த்தினான். "மேல இருந்து சொன்னாங்கக்கா. நான் என்ன பண்ண முடியும்?"

"நாளைக்கும் மேல இருந்து சொல்வாங்க. சொல்லட்டும். நான் இங்கதான் நிப்பேன். இங்க கிடக்கிற கடைசி ஆள் ஏறுற வரைக்கும் நிப்பேன். எவனை இறக்கி எவனை நீ ஏத்துறன்னு பார்க்கிறேன்."

"அப்போ நீங்க எப்பக்கா ஏறுவீங்க?"

கதவு சாத்தப்பட்டது. விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி, மேலே எழும்பியது. தார்ப்பாயின் அடியில் இருந்த அத்தனை பேரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. அந்த ஊழியனின் முகத்தைவிட்டு அவள் கண் நகரவே இல்லை.