உள்ளே விடாத அஞ்சலாட்சி அக்கா

அஞ்சலாட்சி அக்கா போய்விட்டாள் என்று போன் வந்தபோது நான் சிதம்பரத்தில் என் கடையில் ஒரு பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலை மீன் ஏலம் விட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். "சாயங்காலம் எடுத்துடுவோம் மாமா, வந்துடுங்க" என்றான் அவள் மகன். வருகிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் போகவில்லை.

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்துகொண்டு பிழைத்திருக்கிற நம் குழுவில் அன்று எல்லாரும் வந்திருந்தீர்கள். நான் மட்டும் இல்லை. "அவளாலதான் இவன் உயிரோட இருக்கான், அவ சாவுக்கு வரலையே" என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. பேசுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஏன் வரவில்லை என்று கடைசியில் சொல்கிறேன். அக்கா எப்படிப்பட்டவள் என்று தெரியாமல் அதைச் சொன்னால் புரியாது.

அக்காவின் கணவருக்கும் என்னைப் போலவே ரத்தப் புற்றுநோய். 2005இல் சென்னையில் அவருடைய அண்ணனிடமிருந்து செல் எடுத்து ஏற்றினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்து ஊர் திரும்பினார். பிழைத்து வந்த மனிதரைப் பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்குமா? குப்பமே திரண்டு வந்தது. கையைப் பிடித்தார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள், பக்கத்தில் உட்கார்ந்து இருமினார்கள். பழைய எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அழித்துவிட்டு, புதிது இன்னும் முளைக்காத உடம்பு அது. நுரையீரலில் கிருமி இறங்கி, வீட்டுக்கு வந்த மாதமே இறந்துபோனார். "வந்தவுங்க எல்லாம் நல்ல மனசோடதான் தம்பி வந்தாங்க. கெட்ட மனசோட வந்திருந்தா அன்னைக்கே வெரட்டியிருப்பேனே" என்பாள் அக்கா.

அதன்பிறகு மாவட்டத்தில் யார் மாற்று சிகிச்சை முடிந்து வீடு திரும்பினாலும் அக்கா அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். ஏலம் முடிந்ததும் குளித்து, வேறு புடவை கட்டி, பஸ் பிடித்து வருவாள். உள்ளே வரமாட்டாள். நாற்காலியைக் கேட்டுக்கு நேரே போட்டு முகமூடியோடு உட்கார்ந்துகொள்வாள். சென்னை ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உதவுகிற பிரிவு உண்டு. அங்கே எல்லாம் பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்: கூட்டம் கூடாது, பூ கூடாது, வெளிச் சாப்பாடு கூடாது. ஆனால் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வேன் பிடித்து வந்து இறங்குகிற சித்தப்பாவிடம் அதைச் சொல்ல அங்கிருந்து யார் வரமுடியும்? அதற்கு அக்காதான் சரி. பத்து வியாபாரிகள் ஒரே நேரத்தில் கத்தும்போதும் தனியாகக் கேட்கிற குரல் அவளுக்கு.

2009இல் நான் திரும்பி வந்தபோது முதலில் வந்தது என் பெரியப்பா குடும்பம். கேட்டுக்கு வெளியே அவர்களை வரிசையாக நிறுத்திவிட்டாள். "அங்கேருந்தே விசாரிங்க. அவனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது." பெரியப்பா தெருவில் நின்று "சாப்புட்டியாடா?" என்று கத்தினார். நான் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து "சாப்புட்டேன் பெரியப்பா" என்று கத்தினேன். எங்கள் தெருவுக்கே என் சாப்பாட்டு விவரம் தெரிந்தது. அடுத்த வாரம் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் போட்டோகிராபரோடு பொன்னாடை போர்த்த வந்தார். "குடுத்துட்டுப் போங்க, தொவைச்சுப் போட்டுக்குவான்" என்று வாங்கி நாற்காலியின் முதுகில் போட்டுக்கொண்டாள். அவர் போனபிறகு நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்துவிட்டது. நோய் வந்ததிலிருந்து நான் அப்படிச் சிரித்ததில்லை.

ஆனால் அவளை நான் வெறுத்த நாளும் ஒன்று உண்டு.

எனக்குச் செல் கொடுத்தவள் என் தங்கை சுமதி. சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்திருந்தோம். பரிசோதனையில் பத்துக்குப் பத்தும் பொருந்தியது. அவள் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தபோதுகூட ஏழுதான் பொருந்தியது. ஆனால் புகுந்த வீட்டில் ஒப்பவில்லை. எலும்பை உடைத்து எடுப்பார்கள், இனி பிள்ளை பிறக்காது என்றெல்லாம் யாரோ சொல்லியிருந்தார்கள். ரத்தத்தை ஒரு கையில் எடுத்து, மெஷினில் செல்லைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறுகையில் ஏற்றிவிடுவார்கள், அவ்வளவுதான் என்று எடுத்துச் சொல்லியும் அவள் மாமியார் ஒரு நிபந்தனை வைத்தார். சிகிச்சை முடிந்து நான் வந்ததும் பேத்திக்கு அவர்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தவேண்டும், தாய்மாமன் மடியில். சுமதி சம்மதித்துவிட்டு வந்து எனக்கு உயிர் கொடுத்தாள்.

நான் வீடு திரும்பிய மறுமாதமே நாள் குறித்துவிட்டார்கள். கோயிலில் ஊரே கூடும். குழந்தைக்கு அப்போதுதான் போலியோ சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். அந்த மருந்து குடித்த குழந்தையை இப்போது மடியில் வைக்கவே கூடாது என்று சென்னையிலிருந்து கண்டித்துச் சொன்னார்கள். ஆனால் சுமதி போனில் அழுதாள். "ரத்தத்தக் குடுத்தவளுக்கு மடியக் குடுக்க மாட்டானான்னு கேக்குறாங்கண்ணா. நான் இந்த வீட்ல எப்படி இருக்கறது?" என்றாள். செத்தாலும் பரவாயில்லை, போகிறேன் என்று வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் மனைவி காலைப் பிடித்தும் கேட்கவில்லை.

கேட்டை மறித்து நின்றாள் அக்கா. "மாமன் உசுரோட இருந்தா மடி எங்கயும் போயிடாது. மாமனே போயிட்டா மடிக்கு எங்க போவாங்க?" என்றாள். எனக்கு வெறி பிடித்துவிட்டது. "நீ மனுசியா? நீ யாரு எனக்கு? சொந்தமா, பந்தமா?" என்று தெரு கேட்கக் கத்தினேன். அவள் அசையவே இல்லை. "சொந்தமா இருந்தா விட்டுருப்பேன். சொந்தம் இல்ல, அதான் நிக்கிறேன்" என்றாள். வீட்டுக்குள் வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

நான் அழுதுகொண்டிருந்தபோது அவள் என்ன செய்தாள் தெரியுமா? என் மனைவி வாங்கி வைத்திருந்த மாமன் சீர்த் தட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, என் மனைவியைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு, சேத்தியாத்தோப்புக்கு ஆட்டோ ஏறிவிட்டாள். கோயில் வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்ததாம். நெற்றியில் பொட்டில்லாமல், கழுத்தில் ஒன்றுமில்லாமல், சீர்த் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடுவில் நடந்து வந்தாளாம். மேளம் தானாக நின்றுவிட்டது. "மாமன் வரல. சீரு வந்திருக்கு. பிள்ளைய என் மடியில வைங்க, குத்திடலாம்" என்று ஏலக் குரலில் சொல்லியிருக்கிறாள். தாலியறுத்தவள் சீர் சுமந்து வந்துவிட்டாள், நாள் கெட்டுப்போய்விட்டது, இன்றைக்கு வேண்டவே வேண்டாம், மாமன் தேறி வரட்டும், வேறு நாள் பார்ப்போம் என்று பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளிவைத்துவிட்டார்கள். சுமதியைக் குறை சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று அவர்கள் திட்டித் தீர்க்க அக்கா இருந்தாள்.

மாலையில் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். "என்னன்னு ஏசினாங்க?" என்று ஜன்னல் வழியே கேட்டேன். "ஏசாம விடுவாங்களா? அபசகுனம்னாங்க. என் வீட்டுக்காரரு போனதுலேருந்து எந்த நல்லது கெட்டதுக்கும் என்னைய முன்னாடி விட்டதில்ல. இன்னைக்குத்தான் தம்பி அதால ஒரு வேலை நடந்திருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் அவள்மேல் எறிந்த கல்லை எடுத்து எனக்குச் சுவர் கட்டியிருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஊர்மேல் கோபம் வருகிறது.

ஒன்றரை வருஷம் கழித்து அதே கோயிலில் காது குத்தினோம். மாத்திரைகள் நின்று, கைக்குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்பூசிகளை எல்லாம் நானும் ஒரு சுற்றுப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் தட்டை அக்கா கையில்தான் கொடுத்தேன். சுமதியின் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அக்கா முன்னாடி நடந்தாத்தான் நான் பின்னாடி வருவேன்" என்று சுமதி எல்லார் முன்னிலும் சொன்னாள். அக்கா நடந்தாள். என் மருமகள் அதற்குள் நன்றாக வளர்ந்துவிட்டிருந்தாள். ஊசியைப் பார்த்ததும் என் கையைக் கடித்துவிட்டாள். "கடிக்கட்டும் வுடு, இப்பத்தான் உனக்கு எதிர்ப்புச் சக்தி வந்துடுச்சே" என்றாள் அக்கா.

இப்போது அன்றைய தினத்துக்கு வருகிறேன். மாலை வாங்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது பரங்கிப்பேட்டையிலிருந்து யூசுப் பாயின் மனைவி போன் செய்தார். பாய் தையற்காரர். அவருடைய தம்பியிடம் செல் வாங்கி, சிகிச்சை முடிந்து சில வாரங்களுக்கு முன்புதான் வீடு திரும்பியிருந்தார். முந்தைய நாள் மாலைவரை அந்த வாசலில் உட்கார்ந்திருந்தது அக்காதான். "அக்காவோட மய்யித்தப் பாக்கப் போறேன்னு சட்டை போட்டுட்டாங்கண்ணே. நான் சொன்னா கேக்க மாட்றாங்க" என்று அழுதார். கடலூர் பஸ் போய்விட்டது. நான் பரங்கிப்பேட்டை பஸ்ஸில் ஏறினேன்.

பூவை அந்த வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது. மாலையை எதிர் டீக்கடையில் வைத்துவிட்டு, முகமூடி கட்டிக்கொண்டு, கேட்டில் போய் நின்றேன். யூசுப் பாய் செருப்பு மாட்டிக்கொண்டு முற்றத்தில் இருந்தார். "எனக்காக வெயில்ல குந்தியிருந்த அக்கா. மொகத்தக்கூடப் பாக்காம இருந்தா நான் மனுசனா? வழிய வுடுங்க" என்றார். நான் விடவில்லை. "நீங்க யாரு என்னைத் தடுக்கறதுக்கு?" என்று கத்தினார். "சொந்தமா இருந்தா விட்டுருப்பேன் பாய்" என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நான் வெளியே நின்று அழுதேன். அந்த நேரம் கடலூரில் அக்காவைத் தூக்கியிருப்பார்கள்.

அக்காவின் போட்டோ என்னிடம் இல்லை, அவள் எழுதிக்கொடுத்ததும் எதுவும் இல்லை. அவள் நின்ற இடத்தை நான் எடுத்துக்கொண்டேன், அதுதான் என்னிடம் இருக்கிறது. என்மேல் கோபமாக இருப்பவர்கள் இருந்துகொள்ளுங்கள். யூசுப் பாயைப் பார்க்க வருவதாக இருந்தால் தாராளமாக வாருங்கள், தெருவிலிருந்தே விசாரியுங்கள். கேட்டில் நான் நிற்பேன்.