மாதா என்று எழுதிய தொட்டி

ஜோஸ்பினுக்கு வலது முழங்கால் மடங்காது. நர்சரியில் கறுப்புக் கவர்களில் மண் நிரப்பும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு காலை நீட்டிப் போட்டுத் தரையில் உட்கார்ந்துதான் நிரப்புவாள். வலியை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், பச்சை நிழல்வலைக்குக் கீழே இரண்டு செங்கல் அடுக்கின் மேல் ஒரு பலகைக்கல் போட்டிருந்தது. மண்குவியலும் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு மேடைமேல் ஏறியிருந்தது.

"இது எதுக்குண்ணே?" என்று கேட்டாள்.

"பெரிய தொட்டி ஒண்ணு வருது, அதை வைக்கப் போட்டேன். வர்ற வரைக்கும் நீ ஒக்காந்துக்க" என்றார் நல்லுசாமி, கையிலிருந்த கத்தரியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஏழு வருஷம் ஆயிற்று. அந்தத் தொட்டி வரவே இல்லை.

வடமதுரை ரோட்டில் மூன்று ஏக்கரில் இருந்தது அவருடைய நர்சரி. முன்பக்கம் தொட்டிகளில் குரோட்டன்ஸ், காகிதப்பூ, இட்லிப்பூ. பின்பக்கம் வயலில் வரிசை பிடித்து சரக்கொன்றையும் மகிழமும். அதெல்லாம் பிழைப்புக்கு. அவர் உசிரை வைத்திருந்தது ஒரு செம்பருத்தியின் மேல். பெரிய பூ பூக்கிற மஞ்சள் அடுக்குச் செம்பருத்தி நம் ஊர் சித்திரை வெயிலுக்குத் தாங்காது. பூக்கும் முன்னே மொட்டு மொட்டாகக் கொட்டிவிடும். வேலியோரத்துச் சிவப்போ எந்த வெயிலுக்கும் அசையாது. சிவப்பின் மகரந்தத்தை மஞ்சள் பூவில் தடவி, மொட்டு உதிராத மஞ்சளை உண்டாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வேலையாட்கள் வருவதற்கு முன்னால் மூலையில் தனியாக நின்று, காது குடைகிற பஞ்சுக்குச்சியால் தடவிக்கொண்டிருப்பார். நாலு வருஷம் தடவியும் ஒரு காய்கூடத் தங்கவில்லை.

இது எதுவும் ஜோஸ்பினுக்குத் தெரியாது. அவள் வேலை மண் நிரப்புவது, தண்ணீர் ஊற்றுவது.

இரண்டு வருஷத்துக்கு முன் மாதா பிறந்தநாள் திருவிழாவுக்கு முந்தின நாள் அது நடந்தது. நல்லுசாமியும் அவர் மனைவி ஒச்சம்மாளும் பழனிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வழக்கமாக அவரே தண்ணீர் ஊற்றுகிற மூலைக்கு அன்று ஊற்றப் போன ஜோஸ்பின் அப்படியே நின்றுவிட்டாள். தளதளவென்று நின்ற ஒரு மஞ்சள் செம்பருத்தித் தொட்டியில் சின்ன அட்டை செருகியிருந்தது. அதில் பெயிண்டால் 'மாதா' என்று எழுதியிருந்தது. கிளைகளில் மூன்று இடத்தில் வெள்ளை நூல் கட்டியிருந்தது.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. 'நம்ம அண்ணன் மாதாவுக்கு நேர்ந்து விட்டிருக்காரு. கோயிலுக்குக் கொண்டு வரக் கூச்சம் போல. திருவிழா நாளைக்கு, ஆளு ஊர்ல இல்லையே' என்று நினைத்தாள். ஷேர் ஆட்டோவில் மடியில் தொட்டியை வைத்துக்கொண்டு, முழங்கால் வலியையும் பாராமல் கோயிலில் கொண்டுபோய் இறக்கினாள். சப்பரம் சோடித்துக்கொண்டிருந்த பெண்கள் கிளை கிளையாக வெட்டி மாதாவின் காலடியில் செருகினார்கள். நூல் கட்டிய இடத்தில் இருந்த பச்சைக் காய்களைப் பார்வைக்கு நன்றாக இல்லையென்று கிள்ளிப் போட்டார்கள். அவளும் ஒன்றைக் கிள்ளினாள்.

மறுநாள் காலை பூசை முடிந்து, சந்தோஷமாக நர்சரிக்கு வந்தாள். தொட்டி இருந்த இடத்தில் வட்டமாய் ஈரத் தடம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்தபடி நல்லுசாமி நின்றுகொண்டிருந்தார்.

"ஜோஸ்பினு, இங்கிட்டு இருந்த மாதா எங்க?"

"மாதாகிட்டயே சேத்துட்டேண்ணே!" என்றாள் பூரிப்போடு.

 அவர் போய்ப் பலகைக்கல்லில் உட்கார்ந்தார். அந்தக் கல்லில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. பிறகு எதிர் வரிசையைக் கையால் காட்டினார். அங்கே ஒரு சிவப்புச் செம்பருத்தித் தொட்டி இருந்தது. அதிலும் ஓர் அட்டை. 'பிதா' என்று எழுதியிருந்தது.

"மாதா பிதான்னுதான ஸ்கூல்ல படிச்சோம். தாய்ச்செடி, தகப்பன்செடின்னு எழுத அட்டையில எடம் பத்தலை. நாலு வருசத்துல இந்த ஆடியிலதான் மூணு காய் நின்னுச்சு, தாயி. இன்னும் ஒரு வாரத்துல பழுத்திருக்கும்."

ஜோஸ்பின் தன் விரல் நுனியைப் பார்த்தாள். காயைக் கிள்ளிய பிசுக்கு அங்கேயே இருப்பது போல் இருந்தது. மாதாவே, என்ன செய்துவிட்டேன் நான்?

வாசலிலிருந்து ஒச்சம்மாள் சத்தம் போட்டாள்: "ஒங்க மாதாவ அவுக மாதா வாங்கிக்கிட்டாக. போங்க, போய் யார்கிட்ட பிராது கொடுப்பீக?" பிறகு ஜோஸ்பின் முகத்தைப் பார்த்து, "அடியே, எதுக்குடி இப்படி வெளுத்துப்போயி நிக்கிறவ? எந்திரிச்சுப் போங்க ரெண்டு பேரும், குப்பையில கிடக்கும்" என்றாள்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த குப்பைக் குவியலை நல்லுசாமியும் அவளும் கையால் கிளறினார்கள். போகிற வருகிற பெண்கள் சிரித்தார்கள். "என்ன ஜோஸ்பினு, மாதாவுக்குக் குடுத்ததத் திருப்பி வாங்க வந்தியா?" அவள் தலை நிமிராமல் கிளறினாள். நசுங்கிய காய் இரண்டு கிடைத்தது. மூன்றாவதை அவர்தான் எடுத்தார்; நூலோடு, முழுசாக இருந்தது. வேட்டி நுனியில் முடிந்துகொண்டார். வெட்டுப்பட்ட தாய்ச்செடி அந்த மாதமே பட்டுப்போயிற்று.

அவள் வேலையை விட்டு நின்றுவிடப் பார்த்தாள். நாலு நாள் போகவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் முதல் பத்து மணியைத் தாண்ட முடியவில்லை. ஐந்தாம் நாள் ஒச்சம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அஞ்சு விதைடி. பூராம் அரைப்பழம். அவரு கையி நடுங்குது, நீ வந்து மண்ணு போடணுமாம்" என்றாள்.

ஜோஸ்பின் தான் சலித்த மண்ணை நிரப்பினாள். ஐந்தில் ஒன்றுதான் முளைத்தது. அதற்கு அவர் அட்டையே எழுதவில்லை.

இந்தப் பங்குனியில் அதில் முதன்முதலாக மூன்று மொட்டு வைத்தது. சித்திரை பிறந்து மற்ற மஞ்சள் செம்பருத்தி மொட்டெல்லாம் தரையில் கொட்டிக் கிடக்க, இந்த மூன்றும் அசையவில்லை. காலையில் எண்ணுவார், மத்தியானம் எண்ணுவார். அந்த வாரத்தில்தான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

போய் மூன்றாம் நாள் காலை ஒச்சம்மாள் போன் செய்தாள். "போயிட்டாருடி" என்றாள், அவ்வளவுதான். ஜோஸ்பின் மண் கவரைக் கையில் பிடித்தபடியே கல்லில் இருந்தாள். கவர் சரிந்து மண் முழுக்க மடியில் கொட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நல்லாத்தானே நடந்து போனார் மனுஷன்!

நடந்துதான் போனார். அன்றைக்குக் காரில் ஏறி உட்கார்ந்தவர், ஒச்சம்மாள் திட்டத் திட்ட மறுபடியும் இறங்கி மூலைக்கு வந்தார். மொட்டுகளை எண்ணினார். மூன்றும் இருந்தன. அப்புறம் ஜோஸ்பினைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் வர்றதுக்குள்ள பூத்தா, மொதப் பூவ மாதாவுக்கே வையி தாயி. ஆனா பூவ மட்டும் கொண்டு போ. தொட்டி இங்கனயே இருக்கட்டும்."