மதகு வரைக்கும்

எவ்வளவு வேலை கிடந்தாலும் நடுப்பகலில் ஒருமுறை சுகாதார நிலையத்தின் பின்கதவைத் திறந்து, வயல் வரப்பில் மதகு வரைக்கும் நடந்துவிட்டு வருவாள் வார்தினி. மத்திய ஜாவாவின் அந்த மலையடிவாரத்தில் பாதிப் பிள்ளைகள் இந்த மருத்துவச்சியின் கையில் பிறந்தவை. அவளுக்கென்று ஒன்றும் தங்கவில்லை.

அன்று காலையில் மூன்று பிரசவம். மூன்றாவதாக ராஸ்திக்குப் பிறந்த ஆண்பிள்ளை, கழுத்தில் கொடி சுற்றி மூச்சில்லாமல் வந்தது. வார்தினி நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பலிக்கவில்லை. பிறகு போட்ட ஊசியில் ராஸ்தி மயங்கிக் கிடந்தாள்.

"சீக்கிரம் வந்துடுக்கா. இல்லேன்னா உன் பங்கு தெம்பே வறுவலும் எனக்குத்தான்" என்றாள் நர்ஸ் எண்டா.

"தின்னு. எனக்கு இறங்காது."

மதகை நெருங்கியபோது வாய்க்காலோரம் ஒருவன் குந்தியிருந்தான். ராஸ்தியின் புருஷன் கார்ஸோனோ. பக்கத்தில் மண்சட்டி. பிள்ளையின் நஞ்சுக்கொடியைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்த ஊர் வழக்கப்படி அப்பன்தான் அதைக் கழுவி வீட்டு வாசலில் புதைக்க வேண்டும். திரும்பிவிடலாமா என்று நினைப்பதற்குள் அவன் நிமிர்ந்துவிட்டான்.

"உப்புப் போட்டுக் கழுவணுமாம்மா? சொல்லித்தர எங்கப்பாவும் இல்ல."

"வெறும் தண்ணியே போதும்ப்பா."

"பொதச்ச எடத்துல வெளக்கு வைப்பாங்களே. புள்ளையே இல்ல, யாருக்கு வைக்கிறது?"

"நீ வை. யாராச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

அவன் தலையாட்டினான். பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டான்: "ராஸ்திகிட்ட சொல்லிட்டீங்களாம்மா?"

அவன் சொல்லிவிடுவான் என்றுதான் வார்தினி வெளியே வந்திருந்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று அவன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அங்கே ஒருத்தி தனியாகக் கண் விழித்துக்கொண்டிருப்பாள்.

"எந்திரி. ரெண்டு பேருமே போவோம்."

"என்னால ஆகாதும்மா" என்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் மட்டும் வேகமாக நடந்தாள். ராஸ்தி விழித்திருந்தாள். கண் சுவரைப் பார்த்தபடி இருந்தது. வார்தினி கட்டிலில் உட்கார்ந்து சொல்ல வாயெடுத்தாள்.

"வேணாம்மா" என்றாள் ராஸ்தி. "அழுகச் சத்தமே கேக்கலியே. அப்பவே தெரிஞ்சுபோச்சு. யாராச்சும் வந்து சொல்லுவீங்கன்னு படுத்திருந்தேன்."

வார்தினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே அடுத்த வலிக்காரியை வண்டியிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது. எண்டா ஒருமுறை கூப்பிட்டாள், பிறகு மறுமுறையும். மூன்றாம் முறைதான் எழுந்தாள்.