எட்டாம் நம்பர் மலைக்குக் கேட்கவில்லை

பாடசாலை மைதானத்துக்கு ஒலிபெருக்கி வாங்கும் நடைமுறையை இன்றைக்கும் நான் பார்க்காமல் ஒப்புவிப்பேன். முதலில் தேவையை எழுத்தில் காட்ட வேண்டும். பிறகு மூன்று விலைமனுக்கள், அவற்றை ஒப்பிடும் அட்டவணை, தொழில்நுட்பக் குழுவின் பரிந்துரை, கையொப்பங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்த காலத்தில் இப்படி வந்த கோப்புகள் பலவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கையொப்பம் கோட்டுக்கு வெளியே போனதற்காகக்கூட. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. போன மாதம் ஒரு தோட்டப் பாடசாலை அதிபர் வீடு தேடி வந்தார். "மேடம், காசு கொஞ்சந்தான் இருக்கு. பெட்டி ஸ்பீக்கர் ரெண்டு எடுக்கவா, குழாய் ஸ்பீக்கர் ஒன்னு எடுக்கவா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இதே கேள்வியை எட்டு வயதில் ஒருமுறை நான் தீர்த்துவைத்திருக்கிறேன். அதில் ஒரு மனிதரின் மானம் போனது.

யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே கூடத்தில் நடந்த பள்ளிக்கூடம். அதற்கு ஒரு பெற்றோர் சங்கம். மலையில் வேலையை மேற்பார்த்து, யாருக்கு முழுப் பேரு, யாருக்கு அரைப் பேரு என்று சம்பளப் புத்தகத்தில் குறிக்கும் கணக்கப்பிள்ளையே சங்கத்துக்கும் தலைவர். இது பொருந்தாது என்று சொல்லும் சுற்றுநிருபம் அப்போது வந்திருக்கவில்லை.

அந்த வருடம் பரிசளிப்பு விழாவுக்கு ஒலிபெருக்கி வாங்குவது என்று முடிவாயிற்று. வாங்கும் பொறுப்பு மாமாவுக்கு வந்தது. மாமா அம்மாவின் அண்ணன். தேயிலை ஸ்டோரில் இயந்திரம் பார்ப்பவர் என்பதால் கம்பி, கரண்டு எல்லாம் தெரிந்தவர் என்று பெயர். சங்கத்தில் சேர்ந்த காசுக்குப் பெட்டி இரண்டு அல்லது குழாய் ஒன்று, இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படியாகும். பெட்டிதான் வேண்டும் என்றார் பள்ளிக்கூடத்தை நடத்திய பெரிய மாஸ்டர். தோட்டத்து மேலாளரான தொரையும் தொரைசாணியும் முன்வரிசையில் இருப்பார்கள், குழாயின் இரைச்சல் அவர்கள் காதைக் கிழித்துவிடும் என்பது அவர் கவலை.

"முன்னால உக்காந்திருக்கவங்களுக்கு மைக்கே வேணாமுங்க சார்," என்றார் மாமா. "மலையில நிக்கிறவங்களுக்குத்தான் மைக்கு."

விழா வேலை நாளில் வந்தது. தொரைக்கு அந்த நாள்தான் வசதி. கொழுந்து முற்றிவிடும் என்று அம்மாமார் யாருக்கும் லீவு இல்லை. அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே எட்டாம் நம்பர் மலையில்தான் கொழுந்து எடுப்பு. மூன்றாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தது நான். மேடையில் நான் பேசும்போது அம்மா அந்த மலையில் நிற்பார்.

மாமா என்னையும் பஜாருக்குக் கூட்டிப்போனார். ரேடியோ திருத்தும் சிங்கள மெக்கானிக்கை எல்லோரும் பாஸ் என்பார்கள். அவர் கடைக்குப் பின்னால் ஆறு. பாஸ் பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் சிபாரிசு செய்தார். "அண்ணே, பெட்டி ஹொந்தய். பாட்டுப் போட்டா தேன் மாதிரி."

"பாட்டு கெடக்கட்டும். நான் அக்கரைக்குப் போறேன். இந்தப் புள்ள பேசட்டும். கேட்டா துண்டத் தூக்குறேன்."

"ஆத்துல விழுந்தாலும் துண்டத் தூக்குங்க," என்றார் பாஸ்.

பாலத்தைச் சுற்றி அக்கரைக்குப் போக மாமாவுக்கு நெடுநேரம் பிடித்தது. முதலில் பெட்டியில் என் பெயரையும் வகுப்பையும் சொன்னேன். அக்கரையில் மாமா காதில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு குழாயில் சொன்னேன். தகரத்துக்குள் சேவல் கூவியதுபோல் இருந்தது. வகுப்பைச் சொல்லி முடிப்பதற்குள் துண்டு தலைக்கு மேலே சுழன்றது. பின்னாளில் எத்தனையோ தொழில்நுட்பக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவர் நிற்கும் தூரத்தில் போய் நின்று பார்த்த உறுப்பினர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

விழா அன்று மாமா குழாயைப் பலாமரத்தில் ஏற்றி, வாயை மலைப்பக்கம் திருப்பிக் கட்டினார். லொறி பேட்டரி ஒன்று இரவல் வந்தது. 'உழைப்பின் உயர்வு' பற்றி நான் பேசினேன். தொரையைப் பார்த்துப் பேச வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்ததால் மலைப்பக்கம் திரும்பவே இல்லை. தொரை ஒரு கொட்டாவியை மடக்கினார்.

மாலையில் பரிசுப் புத்தகத்துடன் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடினேன். கூடையும் தலையுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு எல்லாக் கூடையிலும் கொழுந்து குறைவு. காலையெல்லாம் விழா மேடையில் இருந்த கணக்கப்பிள்ளை, ஏன் குறைந்தது என்று கங்காணியைக் குடைந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நான் கத்தினேன்.

"அம்மா, நான் பேசுனது கேட்டுச்சா?"

கணக்கப்பிள்ளை பென்சிலைப் புத்தகத்தின் மேல் வைத்தார். "ஆமா, புள்ள கேக்குதுல்ல? சொல்லு. கேட்டுச்சா?"

"என்னா கேக்குறதுங்க? ஒன்னும் கேக்கல. ஒரே காத்து," என்றார் அம்மா. என் பக்கம் பார்க்கவில்லை. "போடி வீட்டுக்கு."

"ஏதோ கொரங்கு கத்துச்சுன்னு நெனச்சோம்," என்றார் பின்னால் நின்றவர். வரிசை முழுவதும் சிரித்தது. கணக்கப்பிள்ளை எல்லோரிடமும் கேட்டார். ஒருவருக்கும் கேட்கவில்லை.

வேலை நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அரைப் பேரு, பாதி நாள் சம்பளம் போய்விடும். தோட்டத்தில் தவழும் பிள்ளைக்கும் தெரிந்த நடைமுறை அது. எனக்கும் தெரியும். தெரிந்ததையும் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

மறுநாள் பெரிய மாஸ்டரிடம் போய் அழுதேன். குழாய் மலைக்கு எட்டவில்லை, மாமா ஏமாற்றிவிட்டார் என்றேன். மாஸ்டர் காத்திருந்தது அதற்குத்தான். சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் என்னை ஒரு வாங்குப் பலகையின் மேல் ஏற்றிவிட்டார்.

"ஒங்க அம்மா என்னா சொன்னாங்க பாப்பா? பயப்படாம சொல்லு."

"ஒன்னுமே கேக்கலன்னு சொன்னாங்க சார்."

கணக்கப்பிள்ளை தலைவர் கதிரையில் இருந்தார். அம்மாவும் மற்றப் பெண்களும் பின்னால் தரையில் இருந்தார்கள். மாமா அவர்கள் பக்கம் ஒருமுறை திரும்பினார். அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். கேட்டது என்று ஒருத்தி சொன்னால் போதும், எல்லோருடைய பேரும் பாதியாகிவிடும். மாமா அதைக் கணக்குப் போட எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மூச்சு.

"என் பெழதாங்க. தண்ணி மேல சத்தம் ஓடும், மலை ஏறாது. நான் யோசிக்கல."

சங்கத்தின் பணத்தை விரயம் செய்தார் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி, குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். பாஸ் குழாயை விலை குறைத்து எடுத்துக்கொண்டு பெட்டி இரண்டு கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த விழாக்கள் முன்வரிசைக்குத் தேனாகக் கேட்டன.

லயத்து வரிசை வீடுகளின் இளவட்டங்கள் மாமாவைக் கண்டால் துண்டைச் சுழற்றினார்கள். "என்னா அண்ணே, அக்கரைக்குக் கேக்குதா?" நானும் ஒருநாள் அவர்களோடு நின்று சுழற்றினேன். மாமா நின்று, "பேச்சு நல்லா இருந்துச்சு பாப்பா," என்றார். "அம்மாவுக்குத்தான் கேக்கலையே," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஆமா," என்றார். இரண்டு வருடத்தில் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அதுவரைக்கும் நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் அம்மா எனக்குத் தலை கழுவிவிட்டார். தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூட நாங்கள் பேசுவது கேட்காது.

"ஏன் பாப்பா, நெத்தி வேர்வைன்னு ஆரம்பிச்சு நடுவுல நிறுத்திட்டு, மறுக்கா மொதல்லேருந்து சொன்ன? தொண்ட அடச்சுச்சா?"

"இருமல் வந்துச்சு."

"இனிமே தண்ணி குடிச்சிட்டு மேடையில ஏறு."

சரி என்றேன். சோப்பு கண்ணில் எரிந்தது. சீக்கிரம் ஊத்துமா என்று கத்தினேன்.